கிணறு குடித்த ஒரு லோடு தண்ணீர்

காலை ஆறு ஐம்பதுக்கு எங்கள் வண்டி அந்த ஆழ்துளைக் கிணற்றருகே நின்றது. இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஈர மண். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயைச் சுற்றி, ஒரு கட்டில் போடும் அகலத்துக்குக் கரிசல் நனைந்து கிடந்தது. வெயில் படும் பக்கத்தில் ஓரம் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஈரத்தின் மேல் ஒரு லாரியின் இரட்டைச் சக்கரத் தடம். டி. கல்லுப்பட்டியைத் தாண்டிய அந்த வட்டாரத்தில் மழை பெய்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. கிணறு வறண்டது என்றுதான் எங்களுக்கு வந்த குறிப்பில் இருந்தது.

கல்லூரியில் படித்தபோது ஒரு மாலைப் பத்திரிகைக்கு நகரச் செய்தி கொடுத்துவந்தேன். எங்கே போனாலும் நேரத்தையும் முதலில் பார்த்ததையும் மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. வேலை மாறிய பிறகும் போகவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் ஷர்மிளா. நான் ஓய்வுபெற்ற நிலத்தடி நீர் அலுவலகத்தில் இன்று கிணற்றுப் பதிவுப் பிரிவைப் பார்ப்பவர் அவர். புதிதாக ஒரு கேமரா வந்திருக்கிறதாம். கிணற்றுக்குள் இறங்கிச் சுவர் முழுவதையும் படமெடுக்கிறது. பாறையில் விரிசல் தெரிந்தால் கம்ப்யூட்டரே அதன் மேல் கோடு போட்டு, எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறது. “இது எதுவுமே இல்லாம நீங்கள்லாம் எப்படி சார் விரிசலைப் பிடிச்சீங்க? ஆபீஸ் மலருக்கு எழுதிக் குடுங்க” என்றார். பிடித்ததும் உண்டு, விட்டதும் உண்டு. பிடித்த ஒன்றை எழுதுகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் செய்தது விதிப்படி தவறு.

வெளியாட்களுக்காக வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெட்டிப் பாறைக்குள் தண்ணீர் கிடையாது. பாறையின் விரிசலில்தான் உண்டு. நூறு, நூற்றைம்பது மீட்டர் துளை போட்டாலும் அது ஒரு நல்ல விரிசலை வெட்டினால்தான் கிணறு. இல்லாவிட்டால் வெறும் ஓட்டை. துளை போட்ட பிறகு ஒரு கேபிளின் நுனியில் கருவிகளைக் கட்டி அடிவரை இறக்குவோம். மெதுவாக மேலே இழுக்கும்போது கருவி வழியெல்லாம் அளந்துகொண்டே வரும். பாறை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது, அதில் இயற்கையான கதிர்வீச்சு எவ்வளவு, துளையின் அகலம் எங்கே கூடுகிறது, உள்ளே நிற்கும் நீரின் சூடு என்ன, உப்பு என்ன என்று ஒவ்வொன்றும் ஒரு கோடாகத் தாளில் விழும். இதற்குத்தான் பதிவு என்று பெயர். அந்தக் கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் எங்கள் தொழில்.

நான் இதைக் கற்றது தண்ணீரில் அல்ல, எண்ணெயில். மதுரை பழைய நகரத்தில் அத்தாவுக்குக் குடைக் கடை. புவியியல் படித்துவிட்டு, ஓர் எண்ணெய் நிறுவனத்தில் சேர்ந்து மேற்குக் கடலுக்குப் போனேன். கடலுக்கடியில் சுண்ணாம்புக்கல். எண்ணெயின் ஒரு பங்கு அந்தக் கல்லின் நுண்துளைகளில் இருந்தாலும், அது கிணற்றுக்கு ஓடி வரும் பாதை விரிசல்தான். எந்த விரிசல் உண்மையானது என்று பார்ப்பதே அங்கே பெரிய பாடம். துளை போடும் அழுத்தத்தில் பாறை தானே பிளந்துகொள்வதும் உண்டு. அந்தப் பிளவு சுவரின் இரு எதிர்ப் பக்கங்களிலும் நேர்க்கோடாக இறங்கும். அதை நம்பிக் கிணற்றுக்கு மதிப்புப் போட்டால் ஏமாற்றம்தான். இயற்கையான விரிசல், வெள்ளரிக்காயைச் சாய்வாக நறுக்கியது போலத் துளையைக் குறுக்கே வெட்டும். கால்சைட் என்ற தாது படிந்து மூடிக்கொண்ட விரிசல் மின்சாரத்தைத் தடுக்கும், திறந்திருப்பது விடும்.

இன்னொன்றும் கற்றேன். துளைக்குள் சுற்றிவரும் சேற்றுக் குழம்பு திடீரென்று தொட்டியில் மட்டம் இறங்கினால், கீழே ஏதோ ஒரு விரிசல் அதைக் குடிக்கிறது என்று அர்த்தம். துளை போடுகிறவர்களுக்கு அது கெட்ட நேரம். பதிவு படிக்கிற எங்களுக்கு விருந்து. குடிக்கிற இடம் தெரிந்துவிட்டால், கொடுக்கிற இடமும் அதுவாக இருக்க வாய்ப்புண்டு.

சில வருடங்களில் அத்தாவுக்கு உடம்பு முடியாமல் போக, ஊரோடு இருக்கும் வேலையாகத் தேடி மதுரை அலுவலகத்துக்கு வந்தேன். அங்கே என் மேலதிகாரி செல்வராணி மேடம். என்னைவிட மூன்று வயது இளையவர். கோச்சடைப் பக்கம் நெல் விளைந்த காலத்தில் அங்கே வயல் வைத்திருந்த குடும்பம். முதல் நாள் என் பழைய அனுபவத்தைக் கேட்டுவிட்டு, “எண்ணெய்க் கெணத்துல தப்பு நடந்தா கம்பெனிக்கு நட்டம், பாய். இங்க தப்பு நடந்தா பொம்பளைங்க நடக்கணும்” என்றார். அவ்வளவுதான் அறிமுகம்.

அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. இரண்டுமே அலுவலக விதியில் கிடையாது.

பதிவு முடிந்ததும் தாளை மூன்று பிரதி எடுப்பார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு, ஒன்று வின்ச் இயக்கும் தங்கப்பாண்டிக்கு. வின்ச் என்பது கேபிளைச் சுற்றி இழுக்கும் எந்திரம். மூவரும் தனித்தனியே உட்கார்ந்து, விரிசல் என்று படும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். முடித்ததும் தாளைக் குப்புற வைக்க வேண்டும். அதுவரை பேச்சு கூடாது. பிறகு பதவியில் கீழே இருப்பவரின் தாளை முதலில் திருப்புவார். அவருடையது எப்போதும் கடைசி. தங்கப்பாண்டி ஒவ்வொரு தடவையும் தாராளமாகக் கோடு போடுவார். “தங்கப்பாண்டி அண்ணனுக்கு மூணு எடத்துல தண்ணி தெரியுது. அதுல ஒண்ணு டீக்கடை” என்பார் மேடம். “எதுக்கும் இருக்கட்டும் மேடம், ஒண்ணாச்சும் சிக்கும்ல” என்பார் அவர். சிரித்தாலும் மேடம் ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் கேட்காமல் விடமாட்டார்.

இரண்டாவது வழக்கம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காது. முடிவு எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அந்த ஊரில் டீ, இளநீர், மோர், பச்சைத் தண்ணீர் எதுவும் தொடமாட்டார். வண்டியில் அவருடைய பிளாஸ்க் இருக்கும். நாங்களும் அதில்தான் குடிக்க வேண்டும். ஒரு தடவை ஏன் என்று கேட்டேன். “ஒரு டம்ளர் டீ குடிச்சா கண்ணு ரெண்டு மீட்டர் கீழ எறங்கிரும் பாய். இல்லாத எடத்துல கோடு போடும்” என்றார்.

பழங்காநத்தத்தில் ஒரு பொதுக் கிணற்றில் மின்தடைக் கோட்டில் அழகாகப் பள்ளம் விழுந்தது. அகலமும் கூடியது. தங்கப்பாண்டியும் நானும் ஒரே இடத்தில் கோடு போட்டோம். மேடம் கதிர்வீச்சுக் கோட்டின் மேல் விரலை வைத்தார். அதே இடத்தில் அது உயர்ந்திருந்தது. களிமண்ணில்தான் அப்படி உயரும். விரிசல் உண்டு, ஆனால் களிமண் அடைத்த விரிசல். அந்தத் தெருவில் எங்களுக்காகப் பன்னீர் சோடா உடைத்து வைத்திருந்தார்கள். அது அப்படியே இருந்தது.

ஈர மண்ணுக்குத் திரும்புகிறேன்.

அந்த ஊரில் குடிதண்ணீர் கிடையாது. ஊர்க் கிணற்று நீர் உப்பு. துணி துவைக்கலாம், அவ்வளவுதான். டேங்கர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அதுவும் வந்தால்தான். கருங்கல் பூமிக்கு நடுவே அங்கே ஒரு சுண்ணாம்புக்கல் பட்டை ஓடுகிறது. மேடம்தான் வரைபடத்தில் பார்த்து, அந்தப் பட்டையில் ஒரு துளை போடச் சொல்லி எழுதியவர். துளை போட்டார்கள். நூற்றைம்பது மீட்டர். வெள்ளைத் தூள் வந்ததே தவிர, தண்ணீர் வரவில்லை. அடியில் கொஞ்சம் உப்புக் கசிவு மட்டும், நூற்று இருபது மீட்டருக்குக் கீழே.

வறண்ட துளைக்கு ஒரு நடைமுறை உண்டு. எங்கள் பதிவு முடிந்ததும், மேல்மண் சரியாமல் இருக்க இறக்கிய இரும்பு உறைக்குழாயை உருவி வேறு ஊருக்குக் கொண்டுபோவார்கள். துளைக்குக் கல் மூடி. அந்த ஊரின் பெயர் வரிசையில் கடைசிக்குப் போகும். மறுபடி எப்போது முறை வரும் என்று யாருக்கும் தெரியாது. அன்று குழாயை உருவ ரிக் லாரி எங்களுக்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. போர்மேன் முருகேசன் பல் குச்சியோடு வந்தார்.

“சும்மா சடங்குக்கு எறக்கி ஏத்திருங்க மேடம். நானும் உருவிட்டுத் திருமங்கலம் பக்கம் போகணும்.”

“எறக்குனதுக்கப்புறம் சடங்கா, சங்கதியான்னு பாப்போம்” என்றார் மேடம்.

ஊர் முழுக்க அங்கே இருந்தது. முன்னால் ஊராட்சித் தலைவர். அவருக்குப் பக்கத்தில் வார்டு உறுப்பினர் பேச்சியம்மாள், ஐம்பது வயதுக்காரர், கையில் டீத் தூக்கு. மேடம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“டேங்கர் தண்ணியில போட்ட டீதான் மேடம். எங்க ஊருத் தண்ணி ஒண்ணும் ஒட்டிக்கிறாது.”

“வேல முடியட்டும், பேச்சியம்மா.”

“முடிஞ்சா கொழாயப் பிடுங்கிட்டுப் போயிருவீக. அப்புறம் எங்கிட்டு டீ குடிக்க?”

முதலில் நீர்மட்டம் பார்த்தோம். நூற்று இருபதில் நனைய வேண்டிய நாடா முப்பத்து நான்கு மீட்டரில் நனைந்தது. தங்கப்பாண்டி என் காதருகே குனிந்தார். “என்னண்ணே, வத்தக் கெணறுன்னாங்க. இம்புட்டு மேல நிக்குது?” நான் மேடமிடம் ஈர மண்ணையும் சக்கரத் தடத்தையும் காட்டினேன். அவரும் பார்த்திருந்தார். “மொதல்ல கம்பி எறங்கட்டும். அப்புறம் பேசுவோம்” என்றார். பதிவுக்கு முன் பேசினால் பேசியதைத்தான் பார்ப்போம் என்பது அவர் கணக்கு.

இரண்டு தடவையாகக் கருவி இறக்கினோம். நீரின் சூட்டையும் உப்பையும் அளக்கும் கருவி எப்போதும் முதலில் போகும். அது மட்டும் இறங்கும்போதே அளக்கும். நீரைக் கலக்கிவிட்ட பிறகு அளந்து பயனில்லை. பிறகு மற்றவை. கேபிள் சத்தம் மாறாமல் வருகிறதா என்று தங்கப்பாண்டி ஒரு கையை வின்ச்சின் மேலேயே வைத்திருப்பார். அகலம் அளக்கும் கருவிக்கு மூன்று கைகள். அடியில் போனதும் குடைபோல விரியும். குடைக் கடைக்காரர் மகன் என்பதால் அதைத் துடைத்து மடக்கும் வேலை எனக்கு.

தாள்கள் வந்தன. மூவரும் மூன்று பக்கம் உட்கார்ந்தோம்.

மின்தடைக் கோடு ஏறக்குறைய நேராக ஓடியது. அகலம் பெரிதாக மாறவில்லை. கதிர்வீச்சு தாழ்வு, சுத்தமான சுண்ணாம்புக்கல். இவற்றை மட்டும் பார்த்தால் விரிசல் இல்லாத கல். ஆனால் நீரின் சூடு அப்படி இல்லை. மேலிருந்து தொண்ணூற்றாறு மீட்டர் வரை வெதுவெதுப்பு. அதற்குக் கீழே சட்டென்று ஒரு படி இறங்கிக் குளிர்ந்தது. உப்பும் அப்படியே: தொண்ணூற்றாறு வரை நல்ல தண்ணீர், கீழே உப்பு. கத்தியால் வெட்டியது போல ஒரே ஆழம்.

நான் தொண்ணூற்றாறில் கோடு போட்டு, “இங்கே குடிக்கிறது” என்று எழுதினேன். எண்ணெய் வேலையில் பழகிய வார்த்தை கையில் வந்துவிட்டது. தாளைக் குப்புற வைத்தேன்.

தங்கப்பாண்டியின் தாளில் வழக்கம்போல மூன்று கோடுகள். தொண்ணூற்றாறு அதில் இல்லை. அடுத்தது என்னுடையது. மேடம் அதைப் படித்தார். பிறகு தன் தாளைத் திருப்பினார். அதில் கோடே இல்லை. சூட்டுக் கோட்டின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் “கருவி?” என்ற சொல்லும் மட்டும்.

அவருடைய தாள் முதலில் திரும்பியிருந்தால் என் கோட்டை நான் அழித்திருப்பேன். அதுவரை நிலத்தடி நீரில் அவர் தவறியதை நான் பார்த்ததில்லை. அழிக்க முடியாதபடி அவரே வைத்திருந்த வழக்கம் அது. இன்றுவரை அதற்கு நன்றியோடு இருக்கிறேன்.

“சொல்லுங்க பாய். கல்லு கெட்டியா இருக்கு, அகலம் அப்படியே இருக்கு. எங்கிட்டுப் போயி குடிக்குது?”

“கல்லுத் தூள் விரிசல மேலாக்கப் பூசியிருக்கலாம் மேடம். சுண்ணாம்புத் தூளு, கொஞ்சம் ஈரம். சுவத்துல பூச்சு மாதிரி ஒட்டிக்கிரும். அகலமும் மின்தடையும் அந்தப் பூச்சத்தான் பாக்குது.”

“இல்ல, கருவியோட மூட்டுல தண்ணி எறங்கியிருந்தாலும் இதே மாதிரி படி விழும். நமக்கு முன்னாடி விழுந்திருக்கு.”

“விழுந்திருக்கு.”

“அப்பத் திருப்பி எறக்குங்க. பாதி வேகம்.”

முருகேசன் தூரத்திலிருந்து, “இன்னொருக்காவா? மாப்ள, டீயச் சொல்லு” என்று தன் ஆளிடம் கத்தினார். கருவியைத் துடைத்து, மூட்டைக் காயவைத்து, பாதி வேகத்தில் மறுபடி இறக்கினோம். முதல் ஓட்டம் கலக்கிவிட்டதால் படியின் விளிம்பு சற்று மழுங்கியிருந்தது. ஆனால் அதே தொண்ணூற்றாறு. கருவியில் கோளாறு என்றால் ஆழம் மாறியிருக்கும். நீர்மட்டத்தையும் மறுபடி பார்த்தோம். முப்பத்து நான்கு. காலையிலிருந்து அசையவில்லை.

மேடம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“கெணத்துக்குள்ள யாராச்சும் தண்ணி ஊத்துனீங்களா?”

தலைவர் உடனே, “எங்க மேடம், குடிக்கவே இல்ல, இதுல ஊத்துறதுக்கா!” என்று சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. வெளித்தண்ணீர் விட்ட துளையில் எடுக்கும் பதிவு செல்லாது. எங்கள் தாளின் அடியிலேயே அச்சாகியிருக்கும் விதி அது. தலைவருக்கு அது தெரியும் என்பது அவர் சிரித்த வேகத்தில் தெரிந்தது. ஊற்றியதாக ஒப்புக்கொண்டால் பதிவு போகும். பதிவு போனால் பழைய குறிப்புதான் நிற்கும். வறண்டது என்று குழாயை உருவிவிடுவார்கள்.

பேச்சியம்மாள் டீத் தூக்கைக் கீழே வைத்தார்.

“நாந்தான் மேடம் ஊத்தச் சொன்னேன்.”

“ஏ, சும்மா இரு” என்றார் தலைவர்.

“நீங்க சும்மா இருங்க, மச்சான்.” மேடமிடம் திரும்பினார். “நீங்க வந்து பாக்குறப்பத் தண்ணி நின்னா கொழாயப் பிடுங்க மாட்டீகன்னு நெனச்சோம். நேத்து எங்களுக்கு வந்த டேங்கர ஒரு கொடங்கூடப் பிடிக்காம அம்புட்டையும் இதுக்குள்ள விட்டோம்.”

“ஊரே குடிக்காமயா?”

“ஒரு நாளு உப்புத்தண்ணி குடிச்சா செத்தா போயிருவோம்னு சொன்னேன். ஆனா அதுவும் வீணாப் போச்சு மேடம். கழுத்து வரைக்கும் வந்துச்சு. தரையில வழிஞ்சுச்சு. சரி, நெறஞ்சிருச்சுன்னு பாத்தா, ‘கொளக்’னு ஒரு சத்தம். உள்ள போயிருச்சு. அதுக்கப்புறம் மிச்சத்த ஊத்த ஊத்த வரவே இல்ல. பூமி குடிச்சிருச்சு.”

மேடம் என்னைப் பார்த்தார். என் தாளில் இருந்த சொல் அவர் கையில் இருந்தது.

“பாய், ஆறரை இஞ்சுத் தொள. நூத்தம்பது மீட்டரு. எம்புட்டுப் பிடிக்கும்?”

“அடியிலருந்து வாய் வரைக்கும் ரொப்புனாலும் மூவாயிரத்துச் சொச்சம் லிட்டரு.”

“டேங்கரு?”

“ஆறாயிரம்” என்றார் பேச்சியம்மாள்.

மிச்சத் தண்ணீர் போன இடம்தான் கேள்வி. அதற்கான பதில் எங்கள் தாளில் இருந்தது. துளை நிரம்பியதும் நூறு மீட்டருக்கு நிற்கும் தண்ணீரின் கனம் தூள் பூச்சை அழுத்தி உடைத்திருக்க வேண்டும். அதுதான் அந்தச் சத்தம். அதன்பின் ஊற்றிய, வெயிலில் காய்ந்த நல்ல தண்ணீர் தொண்ணூற்றாறு வரை இறங்கி விரிசலுக்குள் போனது. முதலில் ஊற்றியதோடு கலந்து கீழே தங்கிவிட்ட உப்பு நீரை அது தொடவில்லை. பாறைக்குள் இருக்கும் நீர் தன் சொந்த மட்டமான முப்பத்து நான்கில் துளையின் நீரையும் பிடித்து நிறுத்திவிட்டது.

“பதிவு செல்லாது” என்றார் மேடம், மெதுவாக. “விதி விதிதான்.”

தலைவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். பேச்சியம்மாள் அசையவில்லை.

நான் சொன்னேன்: “எண்ணெய்க் கெணத்துல நாங்களே வேணும்னு ஊத்துவோம் மேடம். ஊத்திட்டுச் சூடு பாப்போம். எங்க போகுதுன்னு தெரியறதுக்கு. அதுக்குப் பேரு பதிவு இல்ல. ஊற்றுச் சோதனை.”

“அந்தச் சோதனைக்கு எந்தத் தண்ணி, எம்புட்டு, எப்ப ஊத்துனதுன்னு எல்லாம் தெரியணும், பாய். ஊகத்துல எழுத முடியாது.”

“தெரிஞ்சவங்க எதுக்கவே நிக்கிறாங்க.”

மேடம் வண்டியிலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்துவரச் சொல்லி, பேச்சியம்மாளை அதில் உட்கார வைத்தார். தான் நின்றுகொண்டு கேட்டார். டேங்கர் எங்கே நிரப்பியது? ஊற்றத் தொடங்கும்போது வெயில் எங்கே இருந்தது? தண்ணீர் கையில் சுட்டதா? கழுத்துக்கு வந்தபோது டேங்கரில் எவ்வளவு மீதி? சத்தம் ஒன்றா, பலவா? சத்தத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் ஊற்றினீர்கள்? பேச்சியம்மாள் ஒன்றுக்கும் தயங்கவில்லை. “பாதி டேங்கருக்கு மேல மிச்சம் இருந்துச்சு மேடம், நான் தட்டிப் பாத்தேன்” என்றார். பாதிக்கு மேல் மீதி என்றால், துளை நிரம்ப எடுத்தது மூவாயிரத்துக்குள். அடியில் முன்பே நின்ற கசிவைக் கழித்தால் கணக்கு சரி. ஒரு விசாரணை சாட்சியமாக மாறுவதை அன்றுதான் பார்த்தேன்.

கேட்டு முடித்ததும் மேடம் முருகேசனைக் கூப்பிட்டார். “கம்ப்ரஸரப் போடுங்க. உள்ள காத்த விட்டு ஊதணும்.”

“மேடம், நான் கேசிங் கொழாய உருவ வந்தவன்.”

“உருவத்தான் போறீங்க. உள்ள இருக்கிற தூள.”

முருகேசன் முனகிக்கொண்டேதான் போனார். குழாய் இறக்கி, தொண்ணூற்றாறுக்குப் பக்கத்தில் நிறுத்தி, காற்றைத் திறந்தார். முதலில் ஊற்றிய தண்ணீர் திரும்பி வந்தது. கூட்டத்தில் ஒருவர் “நம்ம டேங்கருதான்டா” என்றார். அது தீர்ந்தது. வெறும் காற்று சீறியது. முருகேசன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு மோர் போல வெள்ளையாக ஒரு வீச்சு வந்து, முன்னால் நின்றவர்களின் சட்டையெல்லாம் சுண்ணாம்பு ஆனது. வெள்ளை வந்துகொண்டே இருந்தது. பிற்பகலில் சாம்பல் நிறமானது. நிழல் சாய்ந்தபோது தெளிந்தது. முக்கோண வெட்டு வைத்த தகரத்தை, தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்காலில் நிறுத்தி, அதன் வழியே போகும் நீரின் உயரத்தை அளந்தோம். அது குறையவில்லை. முருகேசன் அதன்பின் திருமங்கலத்தைப் பற்றிப் பேசவில்லை.

உப்பு அளக்கும் மீட்டரை மேடம் தானே பிடித்துப் பார்த்தார். குடிக்கலாம். ஆனால் சுண்ணாம்பு அதிகம்.

“கடினத் தண்ணி, பேச்சியம்மா. பாத்திரத்துல வெள்ளை படியும். பருப்பு வேகாது.”

“பருப்பு வேகலேன்னா ரசம் வச்சுக்கிறோம் மேடம்.”

மேடம் வண்டியின் முன்பக்கத்தில் தாளை விரித்து எழுதினார். தலைப்பில் அச்சாகியிருந்த “பதிவு” என்ற சொல்லை ஒரே கோட்டால் அடித்து, மேலே “ஊற்றுச் சோதனை” என்று எழுதினார். நீர் வழங்கியவர்கள் என்ற இடத்தில் ஊர்ப் பொதுமக்கள். விரிசல் தொண்ணூற்றாறு மீட்டர். கண்டவர் என்ற இடத்தில் என் பெயர். தன் தாளில் இருந்த கேள்விக்குறியையும் மறைக்காமல் பின்னால் இணைத்தார். கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினார். பிறகு தகரத்தின் மேல் விழுந்துகொண்டிருந்த தண்ணீருக்குக் கீழே பேச்சியம்மாளின் செம்பை நீட்டச் சொல்லி வாங்கிக் குடித்தார். தங்கப்பாண்டி என்னை முழங்கையால் இடித்தார்.

மேல் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. மேடம் பதில் எழுதினார். மறுபடி கேட்கவில்லை. அதற்குப் பிறகு சுண்ணாம்புக்கல் துளை எதையும் வறண்டது என்று எழுதும் முன், நாங்களே ஒரு லோடு தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது எங்கள் பிரிவின் வழக்கமானது. எல்லாத் துளையும் குடிப்பதில்லை. குடிக்காதவற்றில் தண்ணீர் வாய் வரை நிரம்பி அப்படியே நிற்கும். அப்போது குழாயை உருவச் சொல்லி மேடம் கையெழுத்துப் போடுவார். அதுவும் அவர்தான்.

ஷர்மிளாவின் கேமரா நல்ல கருவி. எங்களிடம் இருந்திருந்தால் பல இடங்களில் உதவியிருக்கும். ஆனால் அன்று காலை அது அந்தத் துளைக்குள் இறங்கியிருந்தால், வெள்ளைப் பூச்சு பூசிய சுவரையும் அதில் சின்னதாக ஓர் ஓட்டையையும் காட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஓட்டையின் மேல் கம்ப்யூட்டர் கோடு போட்டிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

நான் இப்போது கோச்சடையில் இருக்கிறேன். மேடம் ஓய்வுக்குப் பிறகு மகன் வீட்டோடு வெளியூரில் இருக்கிறார். பண்டிகைக்குப் பண்டிகை போன் செய்வார். பெருநாளைக்கு அவர், பொங்கலுக்கு நான். போன பொங்கலன்று அந்த ஊர்க் கிணறு இன்னும் ஓடுகிறதா என்று கேட்டார். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி, தங்கப்பாண்டியிடம் எண் வாங்கிப் பேச்சியம்மாளைக் கூப்பிட்டேன். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஊரில் மேல்நிலைத் தொட்டி கட்டியிருக்கிறார்கள், மோட்டார் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது என்றார். மேடத்தைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

“தண்ணி எப்படிம்மா இருக்கு?” என்றேன்.

அந்த ஊரில் பருப்பு வேக இப்போதும் கூடுதல் நேரம் ஆகிறது.